பொட்டாசியம் ஈடுசெய்ய எது சரி: திரவமா, மாத்திரையா, ஐவி பையா? ஐந்து வடிவங்கள், ஒரு மதிப்பீடு

பொட்டாசியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தவுடன் வார்டில் பலருக்கும் கை போவது ஐவி பையை (சிரை வழியாக ஏற்றும் மருந்துப் பை) நோக்கித்தான். வேகமாக ஏறும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் காரணம் பல நேரம் நிற்பதில்லை. கைச் சிரை வழியாக, மானிட்டர் இல்லாத படுக்கையில், மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு (பொட்டாசியத்தை அளக்கும் அலகு, இனி மி.ஈக்) மேல் ஓட்டக் கூடாது என்பதே வழக்கமான வரம்பு. அப்படியானால் 40 மி.ஈக் உள்ளே போக 4 மணி நேரம். அதே அளவைத் திரவமாகத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் நோயாளி பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பார். குடல் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்ந்துவிடும். சிரையும் எரியாது, இதயமும் சட்டென்று தாக்கப்படாது.

ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விழுங்க முடிகிற, குடல் இயங்குகிற, ஈசிஜியில் மாற்றம் இல்லாத நோயாளிக்கு வாய்வழித் திரவமே முதல் தேர்வு. ஐவி தேவைப்படும் இடத்தில் தயார்நிலைப் பை, அதாவது மருந்து முன்பே கலந்து வருவது. செறிவான ஆம்பூல் (நீர்க்காத மருந்துள்ள சிறு குப்பி) சாதாரண வார்டின் அலமாரியில் இருக்கவே கூடாத பொருள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கு அளவு, வேகம் இரண்டுமே உடல் எடையை வைத்துத்தான், அதில் மனக்கணக்கு கூடாது.

எண் மட்டும் முடிவு செய்யாது

ரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மி.ஈக் வரை. 3.0-க்கு மேல் என்றால் லேசான குறைவு, 2.5 முதல் 3.0 வரை நடுத்தரம், 2.5-க்குக் கீழ் கடுமை. ஆனால் உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. நாம் அளப்பது வெளியே இருக்கிற சொச்சத்தை. ரத்த அளவு 1 மி.ஈக் இறங்கியிருந்தால் உடல் மொத்தத்தில் 200 முதல் 400 மி.ஈக் வரை போயிருக்கலாம். 10 மி.ஈக் கொடுத்தால் ரத்த அளவு சுமார் 0.1 ஏறும் என்பது நடைமுறை மதிப்பு. சிறுநீரகம் சரியாக இருந்து, இழப்பு தொடராமல் இருந்தால்தான் அதுவும் பொருந்தும். ஒரே பையில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது இந்தக் கணக்கை மறந்ததால் வருவது.

ஐவியைக் கட்டாயமாக்குபவை சில நிலைமைகள்: அளவு 2.5-க்குக் கீழ், ஈசிஜியில் டீ அலை தட்டையாகி யூ அலை தெரிவது, எஸ்டி பகுதி இறங்குவது, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, கை கால் வலுவிழப்பு, மூச்சுத் தசைத் தளர்ச்சி, தொடர் வாந்தி, குடல் அடைப்பு அல்லது குடல் இயக்கம் நின்ற நிலை, விழுங்கும் திறன் இல்லாமை. இதய மருந்தான டிஜாக்சின் எடுப்பவர்களிடம் 3.0-ஐக்கூட லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தின் நச்சுத்தன்மை கூடும். சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் தனி வழக்கு. அங்கே பொட்டாசியம் மிகக் குறைவாக இருந்தால் இன்சுலினையே நிறுத்திவைத்து முதலில் இதை ஏற்றுவார்கள், ஏனென்றால் இன்சுலின் மீதியையும் செல்லுக்குள் தள்ளிவிடும்.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான முன்சோதனை சிறுநீர். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மி.லி அளவாவது வருகிறதா என்று பார்க்காமல் பொட்டாசியத்தைத் தொடக் கூடாது. வரவில்லை என்றால் மருத்துவரிடம் பேசிய பிறகுதான் எதுவும். ஸ்பைரனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பிகள், லோசார்டன் வகை மாத்திரைகள், டிரைமெத்தோபிரிம், வலிக்கான டைக்ளோஃபெனாக் வகை ஆகிய, பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைக்கும் மருந்துகள் சீட்டில் இருக்கின்றனவா என்று கண்ணோட்டம் விடுவதும் அதே நேரத்தில் ஆக வேண்டியது. சோடியம் குறைந்த மாற்று உப்பு வாங்கிச் சாப்பிடுபவரா என்றும் கேளுங்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடுதான்.

வாய்வழித் திரவம்: முதல் தேர்வு

10 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு திரவம்தான் பரவலாகக் கிடைப்பது. 15 மி.லியில் 20 மி.ஈக். அளப்பது எளிது, குழாய் வழியாகவும் கொடுக்கலாம், மாத்திரையைவிட விரைவாக ஏறும். இதன் ஒரே பெரிய எதிரி சுவை. உப்பும் கசப்பும் சேர்ந்து தொண்டையில் நிற்கும். நோயாளி ஒரு மடக்கு குடித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார், சார்ட்டில் மட்டும் "கொடுக்கப்பட்டது" என்று இருக்கும். மறுநாள் அளவு ஏறவில்லை என்று ஐவிக்குப் போகும் பல கேஸ்களில் நடந்தது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அருகில் நின்று குடிக்க வைப்பதும் இந்த மருந்தின் ஒரு பகுதி.

செய்முறை இப்படி. 15 மி.லிக்குக் குறைந்தது 120 மி.லி குளிர்ந்த தண்ணீர் அல்லது பழச்சாறு. 30 மி.லி என்றால் 240. உணவோடு அல்லது உணவு முடிந்த கையோடு, உட்கார்ந்த நிலையில், ஐந்து பத்து நிமிடத்தில் சிறு மடக்குகளாக. ஒரு வேளைக்கு 40 மி.ஈக்குக்கு மேல் போக வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாதவருக்கு 20-20 ஆகப் பிரித்து இரண்டு மணி நேர இடைவெளியில் கேட்டு வாங்கிக் கொடுப்பது நல்லது. தண்ணீர் சேர்க்காமல் கொடுத்தால் குமட்டல், வயிற்று எரிச்சல், வாந்தி நிச்சயம். குடித்த சில நிமிடத்தில் வாந்தி எடுத்தால் தானாக இன்னொரு டோஸ் ஊற்றிக் கொடுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளே எவ்வளவு தங்கியது என்பதை வாந்தியைப் பார்த்து மதிப்பிட முடியாது.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாய்) வழியாகக் கொடுக்கும்போது இன்னும் கவனம். இந்தத் திரவத்தின் சவ்வூடு அழுத்தம் ரத்தத்தினுடையதைப் போலப் பத்து மடங்கை ஒட்டி இருக்கிறது. குழாயின் முனை இரைப்பையில் இருந்தால் அங்கே ஓரளவு நீர்த்துப்போகும். சிறுகுடலில் இருந்தால் அப்படியே போய் நீரை இழுத்து வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இன்னும் போகும். திரவத்தில் சார்பிட்டால் இனிப்பு சேர்ந்திருந்தால் இது மேலும் மோசமாகும், பாட்டில் லேபிளைப் படித்துவிடுங்கள். டியூப் உணவை நிறுத்தி, 30 மி.லி தண்ணீர் விட்டு, நன்றாக நீர்த்த மருந்து, மறுபடி 30 மி.லி தண்ணீர். உணவுப் பையிலேயே மருந்தை ஊற்றிக் கலப்பதை விட்டுவிட வேண்டும். உணவு திரிந்து குழாய் அடைத்துக்கொண்டால் அடுத்த வேலை புதுக் குழாய் போடுவது.

மெதுவாகக் கரையும் மாத்திரை

600 மில்லிகிராம் மாத்திரையில் 8 மி.ஈக்தான் இருக்கிறது. 40 மி.ஈக் வேண்டுமென்றால் ஐந்து மாத்திரை. அவசரமாக அளவை ஏற்றுவதற்கு இது பொருத்தமில்லை, பல மணி நேரத்தில் மெல்ல மெல்லத்தான் வெளிவரும். சிறுநீர் அதிகம் போக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அன்றாடம் இழப்பதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க இதைவிட வசதியானது இல்லை. அந்த வேலைக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுப்பேன்.

ஆனால் இதைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பொடித்தால் மெழுகுச் சட்டத்துக்குள் பல மணி நேரத்துக்கு என்று அடைத்துவைத்த உப்பு முழுவதும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வெளிவந்து இரைப்பை, குடல் சுவரைப் புண்ணாக்கும். முழு மாத்திரையேகூட உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அதே கதிதான். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரோடு, உணவோடு விழுங்கி, பிறகு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாய்ச் சுருக்கம், இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலை, குடலின் அசைவை மந்தப்படுத்தும் மருந்துகள் இருப்பவருக்கு இந்த வடிவமே வேண்டாம், திரவத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள். சிலவகை நுண்மணி மாத்திரைகளை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கிக் கொடுக்கலாம் என்று தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். மெழுகு வகைக்கு அது பொருந்தாது. எது எந்த வகை என்று தெரியாவிட்டால் மருந்தாளரைக் கேட்ட பிறகே தொடுங்கள்.

வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் ஒன்றை மறக்காமல் சொல்லி அனுப்ப வேண்டும்: மலத்தில் முழு மாத்திரை போன்ற கூடு தெரியலாம். அது காலியான சட்டம், மருந்து உள்ளே போய்விட்டது. இதைச் சொல்லாவிட்டால் மருந்து கரையவில்லை என்று பயந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்.

நுரைத்துக் கரையும் மாத்திரை

சுவை தாங்கும்படி இருக்கும், நோயாளிகள் மறுப்பதில்லை. ஆனால் வாங்கும் முன் உள்ளே எந்த உப்பு என்று பாருங்கள். பல தயாரிப்புகளில் இருப்பது பைகார்பனேட் அல்லது சிட்ரேட். வாந்தியாலும் சிறுநீர் போக்கியாலும் பொட்டாசியம் இழந்தவருக்குப் பெரும்பாலும் குளோரைடும் குறைந்து ரத்தம் காரமாகியிருக்கும். அவருக்கு வேண்டியது குளோரைடு உப்பு. மற்றது கொடுத்தால் காரத்தன்மை கூடி, போடுகிற பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். ரத்தம் அமிலமாகியிருக்கும் சிறுநீரகக் குழாய்க் கோளாறுகளில் இதற்கு நேர்மாறு, அங்கே சிட்ரேட்தான் பொருந்தும். நுரை முழுதும் அடங்கிய பிறகு குடிக்கக் கொடுப்பது வயிற்றுக்கு நல்லது.

தயார்நிலை ஐவி பை

ஐவி என்று முடிவானால் தொழிற்சாலையிலேயே கலந்து வரும் பைதான் வேண்டும். பெரிய பைகளில் லிட்டருக்கு 20 அல்லது 40 மி.ஈக். சிறிய பைகளில் 100 மி.லிக்கு 10 அல்லது 20. கலக்கும் வேலை இல்லை, கணக்கு பாதி முடிந்து வருகிறது, லேபிள் அச்சாகி வருகிறது. இந்த மூன்றும் உயிர் காக்கும் வசதிகள்.

வேகத்தை எப்போதும் மி.ஈக்கில் நினைத்து, பிறகு மி.லிக்கு மாற்றுங்கள். லிட்டருக்கு 40 உள்ள பை மணிக்கு 125 மி.லி ஓடினால் நோயாளிக்குக் கிடைப்பது 5 மி.ஈக். 250 ஓடினால் 10. சிறிய 10 மி.ஈக் பை மணிக்கு 100 மி.லி என்றால் அதே 10 மி.ஈக். 20 மி.ஈக் சிறு பையை அதே 100-ல் வைத்தால் மணிக்கு 20. இந்த வேகத்துக்குத் தொடர் ஈசிஜி மானிட்டரும் சென்ட்ரல் லைனும் (இதயத்தை ஒட்டிய பெரிய சிரையில் போடும் குழாய்) வேண்டும். இரண்டு சிறு பைகளும் பார்க்க ஒன்றுபோல, அளவிலும் ஒன்றாக, பம்பில் அடிக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதால் இங்கேதான் தவறு நுழைகிறது. பையை மாட்டும் முன் இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டு விடைகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதைக் கெடுபிடியாகவே வைத்திருங்கள். முதலாமவர் சொன்ன எண்ணைக் கேட்டுத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

பம்ப் இல்லாமல் பொட்டாசியம் ஓட்டக் கூடாது. குழாயை நெருக்கும் ரோலர் கிளாம்ப்பை நம்பி விட்டால் நோயாளி கையை நீட்டி மடக்கினாலே வேகம் மாறும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் பொட்டாசியம் லைனில் வேறு ஊசி மருந்தைத் தள்ளக் கூடாது. 100 மி.லிக்கு 20 என்ற செறிவில், குழாய்க்குள் 20 மி.லி நின்றால் அதில் 4 மி.ஈக் இருக்கிறது. பின்னாலிருந்து தள்ளும்போது அது சில நொடியில் இதயத்துக்குப் போகும். பை முடிந்ததும் லைனைக் கழுவும்போதும் அதே வேகக் கட்டுப்பாடு வேண்டும்.

கைச் சிரையில் எரிச்சல் என்பது இந்த மருந்தின் இயல்பு, ஆனால் நோயாளி சொன்னவுடன் முதலில் பார்க்க வேண்டியது கேனுலாவின் (சிரைக்குள் இருக்கும் சிறு குழாய்) இடத்தை. வீக்கம், வெளுப்பு, தொட்டால் குளிர்ச்சி இருந்தால் மருந்து திசுவுக்குள் கசிகிறது. உடனே நிறுத்தி, லைனைக் கழற்றி, கேனுலா வழியாக முடிந்ததை உறிஞ்சி எடுத்து, கையை உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். சலைன் தள்ளிப் பார்ப்பது கசிந்ததை இன்னும் பரப்பும். இடம் சரியாக இருந்தால் வேகத்தைக் குறைப்பது, இன்னும் நீர்த்த பைக்கு மாறுவது, முன்கையின் பெரிய சிரைக்கு மாற்றுவது என்று வரிசையாகப் பாருங்கள். புறங்கையின் மெல்லிய சிரை இந்த வேலைக்கு வேண்டாம். கேனுலா இடத்தை மணிக்கு ஒருமுறை பார்ப்பது போதுமான குறைந்தபட்சம்.

பெரிய பைக்கு ஒரு குறை: நீர்ச்சுமை. 40 மி.ஈக்குக்காக இதயச் செயலிழப்பு நோயாளிக்கு ஒரு லிட்டர் ஏற்றுவது ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுப்பது. அவருக்கு வாய்வழி, முடியாவிட்டால் சென்ட்ரல் லைனில் சிறு பை.

செறிவான ஆம்பூல்: வார்டுக்கு வேண்டாம்

15 விழுக்காடு ஆம்பூலில் ஒரு மி.லிக்கு 2 மி.ஈக், 10 மி.லியில் 20. 7.45 விழுக்காடு ஆம்பூலில் ஒரு மி.லிக்கு 1 மி.ஈக், 10 மி.லியில் 10. "ஒரு ஆம்பூல் சேருங்கள்" என்ற வாய்மொழி ஆர்டர் இதனாலேயே ஏற்கத் தகாதது. ஸ்டாக் மாறினால் டோஸ் இரட்டிப்பாகும். மி.ஈக்கில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

இதை நேரடியாகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சிறிய தெளிவான ஆம்பூல், சலைனோ ஊசிக்கான நீரோ போன்ற தோற்றம், அவசரத்தில் லைனைக் கழுவ எடுத்த கை: உலகெங்கும் மரணங்கள் இப்படி நடந்திருக்கின்றன. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 1998-ல் வெளியிட்ட தன் முதல் எச்சரிக்கை அறிக்கையே இந்த மருந்தைப் பற்றியது. உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் தந்த நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளிலும் செறிவான மின்பகுபொருள்களைக் கட்டுப்படுத்துவது ஒன்று. ஆம்பூல் மருந்தகத்தில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும், கலந்த பை வார்டுக்கு வரட்டும்.

தயார்நிலைப் பையே கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே வேறு வழியில்லாமல் கலக்கும்போது முறை இதுதான். பை ஸ்டாண்டில் தொங்கக் கூடாது, நோயாளியோடு இணைந்திருக்கவும் கூடாது. மேசையில் வைத்து மருந்தைச் சேர்த்து, குறைந்தது பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். இந்தக் கரைசல் சலைனைவிடக் கனமானது. கலக்காமல் விட்டால் தேன் போல அடியில் தங்கும், குழாய் சொருகும் வாயும் அங்கேதான் இருக்கிறது. பை லிட்டருக்கு 40 என்று லேபிள் சொல்லும், முதலில் இறங்குவதோ பல மடங்கு செறிவு. ஓடிக்கொண்டிருக்கும் பையில் மேலே ஊசி போட்டுச் சேர்ப்பது எக்காரணத்தாலும் கூடாது என்பது இதனால்தான். இப்படிக் கலக்கும் பையில் கைச் சிரைக்கு லிட்டருக்கு 40 மி.ஈக்கைத் தாண்ட வேண்டாம். சேர்த்த அளவு, நேரம், சேர்த்தவர், சரிபார்த்தவர் எல்லாம் லேபிளில் இருக்கட்டும்.

கலக்கும் திரவம் நார்மல் சலைன். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் சர்க்கரை இன்சுலினைத் தூண்டும், இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும், ஏற்றப் போட்ட மருந்தால் ரத்த அளவு முதலில் இறங்கும். ஏற்கெனவே 2.4-ல் இருப்பவருக்கு அந்த இறக்கம் ஆபத்து. மூச்சிரைப்புக்குச் சால்பூட்டமால் நெபுலைசர் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

எது கொடுத்தும் ஏறவில்லை என்றால்

பொட்டாசியத்தைக் கூட்டுவதற்கு முன் மெக்னீசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காது, எத்தனை பை போட்டாலும் சிறுநீரில் போய்விடும். மெக்னீசியத்தை ஈடுசெய்த பிறகுதான் அளவு நகரும். நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம், சிறுநீர் போக்கி மாத்திரைகள் உள்ளவரிடம் இந்தக் கேள்வி முதல் நாளே வர வேண்டும்.

இதற்கு நேரெதிரான பொறி ஒன்று: திடீரென்று 6-க்கு மேல் காட்டும் ரிப்போர்ட். பொட்டாசியம் ஓடும் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார்களா, டூர்னிகே (கையில் கட்டும் பட்டை) அதிக நேரம் இறுக்கப்பட்டதா, கையை மூடித் திறக்கச் சொன்னார்களா, மாதிரியில் செல்கள் உடைந்தனவா என்று விசாரியுங்கள். ஆனால் விசாரிக்கும் வரை டிரிப் ஓட வேண்டாம். நிறுத்தி, ஈசிஜி எடுத்து, மறுகையிலிருந்து மறுமாதிரி அனுப்புங்கள். டீ அலை கூராக உயர்ந்திருந்தால் அது மாதிரிக் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை.

மறுபரிசோதனை நேரமும் வழிக்கு வழி மாறும். ஐவியில் 40 முதல் 60 மி.ஈக் போனதும், கடைசிப் பை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒருமுறை. பை முடிந்த கையோடு எடுத்தால் செல்லுக்குள் இன்னும் போகாத பொட்டாசியம் பொய்யாக உயர்வைக் காட்டும். லேசான குறைவுக்கு வாய்வழி கொடுத்தால் மறுநாள் காலை போதும். ஈசிஜி சீராகி, அளவு 3.0-ஐத் தாண்டி, நோயாளி குடிக்கத் தொடங்கியதும் ஐவியை நிறுத்தித் திரவத்துக்கு மாற்றலாமா என்று அடுத்த ரவுண்ட்ஸிலேயே கேட்டுவிடுங்கள். மாற்றும்போது பழைய ஐவி ஆர்டர் சார்ட்டில் அடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்காமல் விட்டால் இரவு ஷிப்டில் இரண்டும் சேர்ந்து போகும்.